ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு டீம்

போன மாதம் என்னை ஒரு ஃபிராடு என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியாது. இங்கிலீஷ் மட்டும் படு மரியாதை. மரியாதையாகத் திட்டினால்தான் ரொம்ப வலிக்கும், இல்லையா?

விஷயம் இதுதான். இன்டர்நெட்டில் ஒரு பாஸ்கெட்பால் விளையாட்டு இருக்கிறது. அதில் பந்தைத் தொட வேண்டாம். நாம் ஒரு டீமுக்கு மேனேஜர், அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் எல்லோரும் கற்பனை. இந்த வாரம் இவர்களுக்கு என்ன பயிற்சி — ஷூட்டிங்கா, பாஸிங்கா, ரீபவுண்டா — என்று சொல்லிவிட்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் சிலருக்குத் திறமை ஒரு படி ஏறியிருக்கும். சிலருக்கு ஏறியிருக்காது. ஏன் ஏறவில்லை? சொல்ல மாட்டார்கள். விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்தக் கணக்கை மட்டும் ரகசியமாக வைத்திருக்கிறார்கள்.

ரகசியம் என்றால் எனக்குத் தூக்கம் வராது. காய்கறிக்காரரின் தராசைக் குனிந்து பார்க்கிற ஆள் நான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல.

என்னை இதில் இழுத்துவிட்டவள் வசந்தி. என் கணவரின் தங்கை. இங்கே மரக்காணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். நிஜமான பாஸ்கெட்பால் டீமையே பழக்குகிறவள். நானோ பந்தைக் கையில் பிடித்ததே இல்லை. விளையாட்டில் அவளுக்கு ஒரு டீம், எனக்கு ஒரு டீம். இருவருக்கும் போக்கிடம் பாஸ்கரின் பிரவுசிங் சென்டர். அங்கே மூன்று கம்ப்யூட்டர் உண்டு... ஒழுங்காக ஓடுவது ஒன்று. அவள் எழுந்ததும் அதே நாற்காலியில் நான் உட்காருவேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

என் டீமில் ஒரு சென்டர், அதாவது ரிங்குக்கு அடியில் நின்று ஆடுகிற பையன், இருந்தான். சின்ன வயசு, நல்ல உயரம். ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிக்கிற அந்த ரீபவுண்ட் பயிற்சியை வாரா வாரம் கொடுத்தேன். பிள்ளையார் மாதிரி வைத்த இடத்திலேயே இருந்தான். இவன் வரம்பு இவ்வளவுதான் என்று முடிவு கட்டி டீமை விட்டு அனுப்பினேன். வசந்தி எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நாளிலேயே பையன் ஏற ஆரம்பித்தான். ஒரு படி. அப்புறம் இன்னொரு படி!

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"இன்னா பண்ணே அவன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ல அண்ணி. மேட்ச்ல எறக்கி வுட்டேன். தோத்தாலும் பரவால்லன்னு வுட்டேன்."

"நானும்தானே டிரெயினிங் குடுத்தேன்?"

"குடுத்தீங்க. மேட்ச் அன்னிக்கு பெஞ்ச்ல இல்ல ஒக்கார வெச்சீங்க?"

நான் நம்பவில்லை. அவ்வளவு எளிதாக ஒரு ரகசியம் இருக்குமா? இவளுக்கு வேறு ஏதோ தெரிந்திருக்கிறது, மறைக்கிறாள் என்று தோன்றியது. யோசிக்க யோசிக்கச் சந்தேகம் வளர்ந்தது. ஒரே கம்ப்யூட்டர்... என் பாஸ்வேர்டு அதில் தங்கியிருந்தால்? நான் கிளம்பிய பிறகு என் டீமுக்குள் புகுந்து பயிற்சியை மாற்றியிருந்தால்? அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன். பின்னால் நின்றிருந்த வசந்தி அதைப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் பேச்சு கம்மி.

இந்த லட்சணத்தில்தான் அந்த மெயில் வந்தது. விளையாட்டைக் கண்காணிக்கிறவர் எழுதியிருந்தார். இரண்டு டீமும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்து நடக்கின்றனவாம். ஒரு டீம் வளரக்கூடிய ஆட்டக்காரனை இன்னொரு டீமுக்குத் தள்ளிவிட்டிருக்கிறதாம். ஆக, ஒரே ஆள்தான் இரண்டு பெயரில் ஆடுகிறார் என்று கருதுகிறார்களாம். இரண்டு டீமையும் முடக்கிவிட்டார்கள். சரியான விளக்கம் இல்லாவிட்டால் அழித்துவிடுவார்கள்.

அடப்பாவி! நான் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த ஆள் நானும் அவளும் ஒன்று என்கிறார்!

பாஸ்கரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

"நான் சொன்னா அவன் நம்புவானா மேடம்? மூணாவது ஆளும் நீங்கதான்னு சொல்லிடுவான்," என்றார்.

நியாயம்தான். முகம் தெரியாத ஒருவருக்கு, நான் நான்தான் என்பதை எப்படிக் காட்டுவது?

"இல்லாத பசங்கள வளக்கறதுக்கு இவ்ளோ ரகளையா?" என்று சிரித்தார் என் கணவர். மனைவியும் தங்கையும் சேர்ந்து முறைத்ததில் பேப்பருக்குள் போய்விட்டார். பல நாளைக்குப் பிறகு நானும் வசந்தியும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

கெஞ்சி ஒரு மெயில் போட்டோம். பதிலுக்கு இருவருக்கும் தனித்தனியாக ஒரே கேள்வி வந்தது. 'இந்த விளையாட்டில் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி எப்படி அமைய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். மற்றவர் எழுதுவதைப் பார்க்காதீர்கள்.'

வசந்தி வெலவெலத்துப் போனாள். "அண்ணி, என் இங்கிலீஷ் ஒங்களுக்குத் தெரியும். நீங்களே எழுதிக் குடுங்க, நான் அனுப்பிடறேன்."

"நான் எழுதினா ரெண்டும் ஒரே கை மாதிரி இருக்கும். அதப் பாக்கத்தானே கேக்கறான்?"

"தப்பும் தவறுமா இருந்தா சிரிப்பானே..."

"சிரிக்கட்டும். நீ வேற ஆளுன்னாவது தெரியும் இல்ல?"

முதலில் நான் எழுதினேன். எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு வரம்பு இருக்க வேண்டும், அது வெளியே தெரியக் கூடாது, கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லா டீமும் ஒரே மாதிரி ஆகிவிடும், மேனேஜருக்கு என்ன வேலை? இப்படிச் சரளமாக எழுதி அனுப்பிவிட்டு எழுந்தேன்.

வசந்தி உட்கார்ந்தாள். நான் வாசலில் ஸ்டூலில். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் கரண்ட் போய், மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தாள். அப்படி என்ன எழுதுகிறாள்? அந்த சென்டர் பையனை அண்ணிதான் தள்ளிவிட்டார், எனக்கு ஒன்றும் தெரியாது என்றா? வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "அனுப்பிட்டேன்," என்றாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போயேவிட்டாள். என் சந்தேகம் உறுதியானது.

சில நாளில் பதில் வந்தது. இவ்வளவு எதிரெதிராக ஒரே மனிதரால் எழுத முடியாது, மன்னிக்கவும், இரண்டு டீமும் உங்களுக்கே என்று இருந்தது. கடைசியில் ஒரு வரி: இரண்டாவது பதிலை எங்கள் குழுவில் எல்லோரும் படித்தோம். இரண்டாவது, வசந்தியுடையது. என்னுடையதைப் பற்றி ஒரு வார்த்தை? மூச்!

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"அப்படி இன்னாதான்டி எழுதினே?"

"வரம்புன்னு ஒண்ணு வெக்காதீங்கன்னு எழுதினேன். எறங்கி ஆடறவனுக்குத்தான் திறமை ஏறணும், அது சரி. ஆனா பெஞ்ச்ல இருக்கறவன் ஏன் பெஞ்ச்ல இருக்கான்னும் மேனேஜர் பாக்கணும்னு எழுதினேன். அதுக்கு உதாரணமா நம்ம அஞ்சலையப் பத்தி சொல்ல ஆரம்பிச்சேன் அண்ணி..." நிறுத்திவிட்டாள்.

அஞ்சலை அவள் பள்ளி டீமில் இருக்கும் பெண். அம்மாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. உப்பு வாருகிற மாதங்களில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். அஞ்சலையும் அம்மாவோடு போய்க் கை கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். டீமுக்கு பிராக்டிஸ் காலையில். அவளால் முக்கால்வாசி நாள் வர முடியாது. வருகிற நாளிலும் உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த காலோடு நேராக வருவாள். ஓட வராது. பிராக்டிசுக்கு வராதவளுக்கு மேட்ச் இல்லை என்பது வசந்தி டீச்சர் போட்ட சட்டம்.

"இல்லவே இல்லாத ஒரு பையனுக்குத் தோத்தாலும் பரவால்லன்னு மேட்ச் குடுத்தேன். இந்தப் புள்ளைக்கு ஒரு மேட்ச் குடுக்கல. எழுதும்போதுதான் ஒறைச்சுது. அப்புறம் டைப் பண்ணவே கை வரல."

இவள் என்னைப் போட்டுக் கொடுக்கிறாள் என்று ஸ்டூலில் உட்கார்ந்து நான் புழுங்கிய நேரமெல்லாம், இவள் உள்ளே தன்னைத்தானே போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அன்னிக்கு பாஸ்வேர்டு மாத்தினீங்க இல்ல?" என்றாள் திடீரென்று.

"...ஆமா."

"நானும் மறுநாளே மாத்திட்டேன் அண்ணி. எனக்கும் ஒங்க மேல டவுட்டுதான்."

அப்பாடா! மனசு லேசானது.

இப்போது பிராக்டிஸ் சாயங்காலத்துக்கு மாறிவிட்டது. அதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. கீழ்புத்துப்பட்டில் இருந்து வருகிற பெண்களுக்கு பஸ் போய்விடுகிறது. அவர்களுக்கு மட்டும் காலையில் தனியாக. ஆக, டீச்சருக்கு இரண்டு வேளையும் கிரவுண்டு. "நீங்க அந்த வரம்பு வரம்புன்னு சொல்றீங்களே, அது எனக்குத்தான் இருக்குது போல," என்று அலுத்துக்கொள்கிறாள்.

போன புதன்கிழமை போய்ப் பார்த்தேன். கடல் காற்று பந்தைத் தள்ளிக்கொண்டு போனது. அஞ்சலை போட்ட முதல் பந்து ரிங்குக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அடுத்ததும் அப்படியே. நான் வழக்கம்போல மனசுக்குள் ஒரு முடிவு கட்டப் போனேன்... சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

சட்டம் போடுகிறவர்களைச் சந்தேகப்படுவது நல்ல பழக்கம்தான். வீட்டுக் கண்ணாடியில் இருந்து ஆரம்பித்தால் இன்னும் நல்லது!