ஆதிமூலத்தை மறித்த சாம்பல்

திருவண்ணாமலைக்குப் பக்கத்து அடி அண்ணாமலை ஊர் ஆதிமூலத்துக்கு வரிசை என்பது மற்றவர்கள் நிற்பதற்கானது. பௌர்ணமியன்று ஊரே கால் கடுக்க மலையைச் சுற்றும்போது, அவர் கார் மட்டும் போலீஸ் தடுப்பைத் தாண்டி ஹாரன் அடிக்கும். தொழில், மனை விற்பனை. ‘மலை தெரியும் மனை’ என்று அவர் விற்ற சில இடங்களில், வீடு கட்டி, மொட்டைமாடியில் ஏறி எக்கிப் பார்த்தால், மலை தெரியவும் செய்தது.

அதே மனைகளைத் துபாய்த் தமிழர்கள் தலையில் கட்டக் கிளம்பிய அன்று, எத்தியோப்பியாவில் ஓர் எரிமலை வெடித்திருந்தது. செங்கம் சாலையில் டிக்கெட் போட்டுத் தரும் மெஹ்ருன்னிசா போனில் சொன்னாள்:

“ஃபிளைட் கேன்சலுங்கண்ணா. போற வழியெல்லாம் எரிமலைச் சாம்பலாம்.”

“சாம்பல்தானேம்மா? வைப்பர் போட்டுத் தொடச்சிக்கிட்டுப் போவ வேண்டியதுதானே?”

“அடுப்புச் சாம்பல் இல்லீங்கண்ணா. அத்தனையும் கல்லுத்தூளு. இன்ஜின் சூட்டுல உருகி உள்ளயே ஒட்டிக்குமாம். நடுவானத்துல இன்ஜின் நின்னுடும்.”

“ஒண்ணு நின்னா இன்னொண்ணு இருக்குதில்ல?”

“அதுவும் அதே சாம்பலைத்தானே இழுக்கும்?”

போட்டி வியாபாரியின் சதி என்று முடிவு கட்டிய ஆதிமூலம், எம்.எல்.ஏ.வின் உதவியாளரைக் கூப்பிட்டார். “எரிமலை நம்ம துறையில வராதுங்களே” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

ஆனாலும் காரைச் சென்னைக்கு விட்டார். விமான நிலையத்தில் வானம் பளிச்சென்றிருந்தது. அந்தப் பக்கம் வந்த விமானி ஒருவரை மறித்தார்.

“வானம் க்ளீனா கீதே சார். எடுங்க, எதுனா ஆச்சுன்னா நான் பாத்துக்கறேன்.”

“சாம்பல் இங்க இல்லீங்க, கடலுக்கு மேல. அங்க போறதுக்குள்ள இருட்டிடும், கண்ணுக்கும் தெரியாது, ரேடார்லயும் சரியா காட்டாது. மேல இன்ஜின் நின்னுபோச்சுன்னா எப்படிப் பாத்துப்பீங்க?”

வாழ்நாளில் முதல்முறையாக, யாருக்குப் போன் போடுவது என்று ஆதிமூலத்துக்குத் தெரியவில்லை. கடலுக்கு மேலே சத்தமில்லாமல் கீழிறங்கும் விமானத்தில் தன்னை ஒரு கணம் பார்த்துவிட்டார். மாற்றுத் தேதி வாங்கும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

ஊர் திரும்பியதும் டீக்கடையில் கதை வேறாகிவிட்டது. “பைலட்டு எடுக்கறேன்னு ஒரே பிடிவாதம். நான்தான் விடல. எரநூறு உசுருய்யா.” மறுநாளே ‘வானில் உயிர் காத்த வள்ளலே’ என்று பெரிய ஃபிளெக்ஸ் எழுந்தது. செலவு அவருடையதுதான்.

அந்த ஃபிளெக்ஸைக் கடந்துதான் மெஹ்ருன்னிசாவிடம் புதுத் தேதி போட்ட டிக்கெட்டை வாங்கப் போனார். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“சாம்பல் சுத்தமா போயிடுச்சாம்மா? நல்லா விசாரிச்சியா?”