கார்பன் தேய்வது யாரால்?

கார் டைனமோ வேலையில் எது பழுதானாலும் கடைசியாகக் கை வைத்தவர்தான் குற்றவாளி. வீட்டில் சமைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் ரிங்லெட் என்ற தேயிலை மலையூரில் என் வீட்டுக்காரர் கார் பட்டறை வைத்திருந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் பட்டறைக்கு வரும்வரை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தேன். டைனமோவுக்குள் விரல் விட்டு கார்பன் மாற்ற அவர் கை பெரிது, என் கை சிறிது. கார்பன் என்றால் விரல் நகம் அளவு கரிக்கட்டி. சுற்றுகிற செம்பு உருளையில் உரசிக்கொண்டே கரண்டை வெளியே எடுத்துக் கொடுக்கும். கார்பன் மாற்றும் மேசையை எனக்குத் தந்தபோதே நிபந்தனையும் போட்டார்: நான் மாட்டிய கார்பனால் மூன்று வண்டி திரும்பி வந்தால் மறுபடி கொழுந்துக் கூடைதான். மழையில் அட்டைக்கடி வாங்கியவர்களுக்குப் புரியும், அன்றிலிருந்து எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று.

ஆறு விளக்கு லோரி

கம்போங் ராஜாவிலிருந்து லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் மணியம், நான் கார்பன் மாற்றிய இரண்டே மாதத்தில் வந்து நின்றான். திறந்தால் கார்பன் அரிசி அளவு. முன்னால் போய்ப் பார்த்தேன். பனிக்கு என்று ஆறு விளக்கு, போதாததற்குப் பாட்டுப் பெட்டி வேறு. "தம்பி, எரிகிற விளக்கு அத்தனைக்கும் கரண்ட் இந்தக் கரி வழியாகத்தான் போகணும். பாரம் கூடினா பொறி பறக்கும், கரி கரையும்" என்றேன். அவன் விளக்கு ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தான்.

"எரியிற வெளக்கே தேயலையேக்கா, உள்ள சும்மா உக்காந்திருக்கிற கார்பன் ஏன் தேயுது?"

சிக்கனக் கிராணி

நான் மணியத்திடம் சொன்னதை எஸ்டேட் கணக்குப் பார்க்கும் கிராணி ஐயா எங்கோ கேட்டிருக்கிறார். அதன் பிறகு தம் பழைய காரில் அவர் விளக்கே போடவில்லை, பனியிலும். கியா பார்ம் வளைவில் ஒரு காய்கறிக் கடைக்குள் நேராகப் போய்விட்டார். நல்லவேளை, நசுங்கியது காரும் முள்ளங்கியும்தான். எல்லாம் என் யோசனை என்று அவர் சொல்ல, வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, இது இரண்டாவது வண்டி என்று இரண்டு விரல் நீட்டினார். கிராணி பிடிவாதமாக டைனமோவைத் திறக்கச் சொன்னார். பாரம் இல்லாவிட்டாலும் சுற்றுகிற வரை உரசும். கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு ஒரே பெருமை.

"பாத்தியாம்மா, வண்டி போனா என்ன, கார்பன் புதுசு மாதிரியே இருக்கு!"

அம்மன் தேர்

மூன்றாவதாக வந்தது எஸ்டேட் லோரி. திருவிழாவில் பத்து நாளும் அம்மன் தேரை இழுத்த வண்டி. திருவிழாவுக்கு முந்தின நாள்தான் புதுக் கார்பன் மாட்டியிருந்தேன். இப்போது அது தூள், செம்பு முழுக்கக் கறுப்பு. வீட்டுக்காரர் மூன்றாவது விரலையும் நீட்டினார். "லைட் எத்தனை போட்டீங்க? உண்மையச் சொல்லுங்கண்ணே" என்று டிரைவர் சின்னையாவிடம் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்காமல் வீட்டுக்காரரைப் பார்த்தார். நீட்டிய விரல்கள் மெல்ல மடங்கின.

"என்னைக் கேட்டா எப்படித் தங்கச்சி? தேர்ல கட்டின நாப்பது பல்பையும் டைனமோவுல இழுத்து மாட்டினது உன் வீட்டுக்காரர்தான் லா!"

மேசை எனக்கே நிலைத்தது, ஆனால் மறுவருடம் தேருக்கு எத்தனை பல்பு தாங்கும் என்று கோயில்காரர்கள் என்னிடமே கேட்க வந்ததால், சோறு மட்டும் இறங்கினபாடில்லை.