முதுகு காட்டும் மாஸ்டர்

திண்டுக்கல்லில் நான் சேர்ந்த ஜிம்மின் மாஸ்டருக்கு வாசலையே அடைக்கிற தோள்கள். புதிதாக யார் வந்தாலும் முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் விசாரிப்பார்.

“என்ன வேலை பாக்குறீக?”

“நிலக்கோட்டையில பூ மூட்டைகள வேன்ல ஏத்துறேன் மாஸ்டர்.”

“முட்டி வலி இருக்கா?”

“இல்ல.”

“அப்ப வெயிட்டுலயே ஆரம்பிச்சிரலாம்.”

எனக்கு நம்பவே முடியவில்லை. முன்பு போன ஜிம்மில் என் தொப்பையைப் பார்த்ததுமே நடக்க மட்டும்தான் விட்டார்கள், வெறுத்துப்போய் நின்றுவிட்டேன்.

“ஏன் மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீக?”

“ஆளப் பாத்தா கண்ணு முந்திக்கிட்டு முடிவு பண்ணிருதுண்ணே. அப்புறம் நீங்க சொல்றது காதுல ஏறாது.”

பிறகு திரும்பினார். பார்வை தொப்பையில் போய் நின்றது.

“நல்லவேளை, மொதல்லயே பாக்கல!”

இருவரும் சிரித்துவிட்டோம். இன்றும் வெயிட்டைக் கூட்டலாமா என்று கேட்டால், மனிதர் முதலில் முதுகைத்தான் காட்டுகிறார்.