கைக்குட்டைப் போலீசு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ராத்திரி நடந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது நட்டநடு மத்தியானம் நடந்தது. திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் காலம். வில்லுக்குறி தாண்டி நாகர்கோவில் போகும் நேர்ரோடு.

இனயம் கடற்கரைக்காரன் மரியான், மீன் லாரி டிரைவர். அந்த ரோட்டில் வண்டி ஓட்டியவனுக்கெல்லாம் போலீசு என்றாலே பற்றிக்கொண்டு வரும். கள்ளனைப் பிடிக்கத் துப்பில்லை, மரத்து மூட்டில் பதுங்கி நின்று பாவப்பட்டவன் வயிற்றில் அடிக்கிறான் என்று திட்டாத வாய் கிடையாது. ஒரு பர்லாங்கு கல்லருகே ஒருவன் நிற்பான். வண்டி கடக்கும்போது கைக்குட்டையை ஆட்டுவான். அடுத்த கல்லில் இன்னொருவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். சீக்கிரம் வந்து சேர்ந்தால் அதிவேகம் என்று கேசு.

டிரைவர்கள் லேசுப்பட்டவர்களா? கைக்குட்டை ஆடினால் இரண்டு கல்லுக்கும் நடுவில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பீடி இழுப்பார்கள். அப்புறம் பைய உருட்டிக்கொண்டு போவார்கள். கடிகாரக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இப்படி ஒரு கேசில் மரியானின் லைசென்ஸை மூன்று மாதம் பிடுங்கி வைத்திருந்தார்கள். அதுவரை அண்ணன் வள்ளத்தில் மீன்பிடிக்கக் கூலிக்குப் போனான், ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முந்தின நாள்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. இன்னொரு கேசு விழுந்தால் ஆயுசுக்கும் வண்டி தொட முடியாது.

அன்றைக்குப் பார்த்து மகள் ஞானத்துக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஐந்து வயதுப் பிள்ளை. மீனைக் கடற்கரையிலேயே தட்டிவிட்டு, மனைவி இசபெல் மடியில் பிள்ளையைக் கிடத்திப் பெரியாஸ்பத்திரிக்கு லாரியை விரட்டினான்.

கர்... கர்... என்று பிள்ளையின் மூச்சு.

"நல்லா சவுட்டுங்க. பிள்ளைக்கு மூச்சு கிட்டல்ல."

ஆக்ஸிலேட்டரைச் சவுட்டினான். நேர்ரோட்டில் எதிரே ஒரு பஸ் வந்தது. போலீசு நின்றால் எதிர்வண்டிக்காரன் கையை வெளியே நீட்டித் தாழ்த்திக் காட்டுவது வழக்கம். பஸ்காரன் காட்டவில்லை. பேசாமல் போய்விட்டான்.

ஆனால் கல்லருகே கைக்குட்டை ஆடியது.

பிடித்து உட்கார வைத்துக் கேசு எழுதினால் அரை மணிநேரம் போகும். நிறுத்தினால் ஒரு பீடி நேரம்தான். இசபெல் கத்தக் கத்த நிறுத்திவிட்டான். பானெட்டைத் திறந்தான்.

டக்... டக்...

போலீசு நடந்து வந்தான். ஒரு பூட்ஸ் சத்தம்தான் கேட்டது. தலையில் தொப்பி இல்லை. உடுப்பில் ஒரு பக்கம் முழுக்கச் செம்மண்.

மரியானைப் பார்க்கவே இல்லை. இசபெல் பக்கம் போனான். குனிந்தான். கைக்குட்டையால் பிள்ளையின் வாயைத் துடைத்தான்.

கர்... கர்... நின்றது.

"இனி பைய போலாம்டே. அவசரமில்ல."

பிள்ளை தூங்கிவிட்டது என்றாள் இசபெல். மரியான் கும்பிட்டான். பானெட்டை மூடி நிமிர்ந்தான்.

ரோட்டில் யாரும் இல்லை.

அடுத்த கல்லிலும்... யாரும் இல்லை.

பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று, பாவி மனுஷன், பையத்தான் ஓட்டினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். வழியிலேயே போய்விட்டதாம்.

அடக்கம் முடிந்து சில நாளில் மீன் லாரி டைட்டஸ் துக்கம் கேட்க வந்தான். அந்தப் போலீசைக் குத்தாமல் விடமாட்டேன் என்று மரியான் குமுறினான். டைட்டஸ் ஒரு பீடியை எடுத்தான், பற்றவைக்காமல் திரும்ப வைத்தான்.

பிறகு சொன்னான். இரண்டு மாதமாக அங்கே போலீசே நிற்பதில்லை. கடைசியாக நின்றவன் சுயம்பு. கூட்டாளி சாப்பிடப் போன நேரம், ஏதோ வண்டி அவனை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. உடனே சாகவில்லை.

"புல்லுக்குள்ள கிடந்து கைக்குட்டைய ஆட்டியிருக்கான், மக்கா. கை மட்டும்தான் தெரிஞ்சுது. நாங்க அஞ்சாறு வண்டி நிறுத்தினோம்... பீடி இழுத்தோம்... பைய போயிட்டோம்."