சின்னம்மாவின் ஞாயிற்றுக்கிழமை நேர்த்தி

கோவில் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, நன்றாகத் தமிழ் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க நான் எதற்கு என்று இரண்டு கிழமை சாட்டுச் சொன்னேன். பூசையில் எழுந்து வாசகம் வாசிக்கவே பின்வாங்குகிறவள் நான். பள்ளிப் படிப்புக்கு மேல் படிக்கவில்லை, தமிழும் சனிக்கிழமை வகுப்பில் கற்றதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் சின்னம்மாவைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்ற ஒரே காரணத்துக்காக எழுதுகிறேன்.

2003ஆம் ஆண்டு. நாங்கள் பலெர்மோ நகரத்தில், சீசா என்ற பகுதியில், மூன்றாம் மாடியில் இருந்தோம். இரண்டு அறையில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா. சின்னம்மா அதற்கு முன் நான்கு வருடம் ஸ்கொட்லாந்தின் வடக்கே ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை செய்தவர். அங்கே விசா மறுக்கப்பட்டதால், இத்தாலியில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுத்துத் தங்கலாம் என்று அம்மாதான் இங்கே கூப்பிட்டார். வயது முப்பத்தொன்று. பக்கத்து நகரமான கத்தானியாவில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பலெர்மோவில் நாலைந்து பேரிடம் பெண்ணைப் பற்றி விசாரிப்பதாகக் கேள்வி. அதனால் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் படியிறங்கும்போதுகூட எல்லோரும் சத்தமில்லாமல் இறங்கினோம்.

அப்போதுதான் சின்னம்மா ஒரு நேர்த்தி வைத்தார். ஒன்பது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பின், பெல்லெக்ரினோ மலையேறி, இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் போவது. இந்த ஊர்த் தமிழர்கள், வேதக்காரர் சைவக்காரர் என்றில்லாமல், காரியம் ஆக வேண்டுமானால் வெறுங்காலோடு அந்த மலையேறுவது வழக்கம். அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். "கல்யாணத்துக்காகத்தான் ஏறுறாள்" என்று கபோ சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில்கூடச் சொன்னார்.

முதலில் சந்தேகப்பட்டது நான்தான். எனக்குப் பதின்மூன்று வயது. சின்னம்மாவும் நானும் ஒரே கட்டிலில் படுப்போம். மலையேறி வந்தவர்களின் உள்ளங்கால் இரண்டு நாளைக்குக் கறுத்திருக்கும். சின்னம்மாவின் பாதம் வெள்ளையாக இருந்தது. ஆனால் முழங்காலுக்குக் கீழே நீலமாகக் கன்றிப்போன அடையாளங்கள். காலுறையில் புல்விதை. உள்ளங்கையில் கொப்புளம். கேட்டால், வேலைக்குப் போகிற சிஞ்ஞோரா வீட்டில் நிலம் துடைத்ததால் வந்தது என்றார். அதே சிஞ்ஞோரா வீட்டில் அவர் செவ்வாயும் வியாழனும் துடைத்தார். கொப்புளம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வந்தது.

இதையெல்லாம் நான் அம்மாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. கண்டுபிடித்தவள் என்ற பெருமையாக இருக்கலாம்.

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். "மெழுகுதிரி வாங்கினாளோ எண்டு கேட்டனான். ஓம் எண்டாள். என்ன விலை எண்டு கேட்டா முழுசிறாள்" என்றார். பிறகு மெதுவாக, "வாற ஞாயிறு அவளுக்குத் தெரியாமல் பின்னாலை போ. அப்பாவுக்குச் சொல்லாதை" என்றார்.

ஆறாவது ஞாயிறு போனேன். சின்னம்மா பஸ்ஸில் முன்பக்கம் ஏற, நான் பின்பக்கம் ஒரு தடித்த மனிதருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மலையடிவாரத்துக்குச் சற்று முன்பே சின்னம்மா இறங்கினார். நம்மவர் சிலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மலைப் பக்கம் நடந்தார்கள். சின்னம்மா அவர்களைப் பார்க்காதவர்போல் மறுபக்கம் திரும்பி, ஃபவோரித்தா பூங்காவின் மரங்களுக்குள் போனார். இனி ஒரு ஆம்பிளை வருவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மரங்களுக்கு அப்பால் ஒரு புல்வெளி. அங்கே எட்டு ஒன்பது பெண்கள் நுனி வளைந்த தடிகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹொக்கி போலத்தான், ஆனால் தடியைத் தலைக்கு மேலே தூக்கி, ஆகாயத்தில் வருகிற பந்தையே அடித்தார்கள். தோளால் ஒருவரையொருவர் தள்ளினார்கள். சின்னம்மா சட்டைக்கு மேலே ஒரு பழைய பெனியனைப் போட்டுக்கொண்டு, தடியோடு உள்ளே ஓடினார். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட மெல்லிய குரலில் கேட்கிறவர், அங்கே ஆங்கிலத்தில் கத்தினார். அவர் அடித்த பந்து என் தலைக்கு மேலால் போய் மரத்தில் மோதியது.

ஆம்பிளையும் இருந்தான். ஓரமாக ஒரு பெட்டியோடு நின்றான். யாரோ வீசிய தடி சின்னம்மாவின் காலில் பட, அவன் ஓடிவந்து முழந்தாளிட்டு, அவருடைய காலைப் பிடித்து, ஐஸ் வைத்தான். சின்னம்மா வலியில் சிரித்தார். அப்போதுதான் என்னைக் கண்டார்.

ஓடிவிட நினைத்தேன். அவர் நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆர் அனுப்பினது, அக்காவோ?"

"இல்லை. நானாத்தான் வந்தனான்."

"பொய் சொன்னாலும் வடிவாச் சொல்லவேணும். என்னைப் பார், ஆறு கிழமையா ஒரு புனிதரை வைச்சு ஓட்டுறன்."

அதற்குப் பெயர் ஷின்டி என்றார். ஸ்கொட்லாந்தில் ஊர் ஊராக விளையாடுவார்களாம். "முந்தி ஆம்பிளையள் மட்டும்தானாம். பொம்பிளையள் கரையிலை நிண்டு தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறது. இப்ப பொம்பிளையளுக்கும் ரீம் இருக்கு, தேத்தண்ணியை அவையள் ஊத்தட்டும்." ஹோட்டலில் கட்டில் விரித்துவிட்டு வந்த ஒருநாள், ஓர் ஆள் குறைகிறது என்று அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஒருநாள் மூன்று வருடமாகிவிட்டது. இங்கே ஆங்கிலம் படிப்பிக்கிற ஒரு ஸ்கொட்லாந்துப் பெண்ணைச் சந்தையில் கண்டு கதைக்கப்போக, மறுபடியும் தொடங்கியதாம். பெட்டியோடு நின்றவன் அவளுடைய புருசன்.

"அடுத்த ஞாயிறு அங்கையிருந்து ஒரு ரீம் வருது. என்னை முன்னுக்கு நிக்கச் சொல்லியிருக்கினம்" என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்.

"வீட்டிலை கேட்டா?"

"கேட்டா கண்டதைச் சொல்லு. பொய் சொல்ல நான் ஒராள் காணும்."

நான் முதலில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் யோசித்தேன். ஒரு பந்தை அடிப்பதற்காக ஒருவர் இவ்வளவு பொய் சொல்வாரா? அடிபட்ட காலோடு இவ்வளவு சந்தோசமாக இருப்பாரா? இதற்குள் வேறு ஏதோ இருக்கிறது, என்னிடம் மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அம்மா கதவிலேயே நின்றார். அப்பாவுக்கும் எப்படியோ விசயம் போயிருந்தது.

"மலைக்குப் போனவளோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை."

"ஆம்பிளை ஆரும்?"

"ஓம். ஒராள்."

"என்ன செய்தவன்?"

"காலைப் பிடிச்சவன்."

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். ஐஸ், தடி, பந்து, மற்றப் பெண்கள் எல்லாவற்றையும் பிறகு சொன்னேன். அப்பா, "சின்னம்மாவைக் காப்பாத்தக் கதை விடுறாள்" என்றார்.

சின்னம்மா வந்ததும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் இருந்தபடி சொன்னார், காற்சட்டையை மடித்துக் காயத்தையும் காட்டினார். அம்மா நெடுநேரம் அந்தக் காலையே பார்த்தார்.

"இது உண்மையோ?"

"ஓம் அக்கா."

"ஆம்பிளை எண்டா எனக்கு விளங்கும்" என்றார் அம்மா. "அவனையே கட்டிவைக்கலாம், இல்லாட்டி அடிச்சுக் கலைக்கலாம். முப்பத்தொரு வயசிலை தடியோடை ஓடுறாள் எண்டு கத்தானியாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"சொல்ல வேண்டாம். வாற ஞாயிறு ஒண்டுதான் அக்கா. பிறகு நீங்கள் சொன்னபடி."

"ஒரு ஞாயிறும் இல்லை."

சின்னம்மா என்னைப் பார்த்து, "ஐஸ் வைச்சதையும் சொன்னனியோ?" என்று கேட்டார்.

"சொன்னனான்."

"சரி" என்றார். பாத்திரம் கழுவப் போனார்.

அந்த ஆம்பிளையைப் பற்றி முதலில் சொன்னதுதான் நான் செய்த பிழை என்று பல வருடம் நினைத்திருந்தேன். அம்மா அவனை அன்றைக்கே மறந்துவிட்டார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. இந்த விசயத்தில் ஓர் ஆம்பிளை இல்லை என்பதுதான் அம்மாவைப் பயப்படுத்தியது. சின்னம்மா எதையும் மறைக்கவில்லை, அந்தப் பந்து மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது என்பதும் எனக்குப் புரியவில்லை.

அடுத்த நாள் திங்கட்கிழமை. சின்னம்மா வேலைக்குப் போன பிறகு அம்மா கத்தானியாவில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமையே வந்து பெண்ணைப் பாருங்கள், நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பாள் என்றார்.