அடி வாங்குகிறவனின் அசைவு

கறுப்பு டேப் சுற்றிய அந்தக் கேம் கண்ட்ரோலர் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. உள்ளே மோட்டார் தளர்ந்துவிட்டதால், திரையில் அடி விழும்போதெல்லாம் கைக்குள் பயந்த குருவி போல நடுங்கும். டேப்பைச் சுற்றியவர், நான் அக்கா என்று கூப்பிடும் சக ஊழியர். மலேசியத் தீவு நகரான ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் நாங்கள் சிலர் வீடியோ கேம் தயாரிக்கிறோம். அதில் வரும் ஆட்களுக்கு அசைவு கொடுத்தவர் அவர். அந்த அசைவுகளை இயக்கும் நிரலை எழுதுவது என் வேலை.

எங்கள் விளையாட்டில் வீரன் இரும்புத் தடியோடு எதிரிகளைச் சந்திப்பான். அந்தச் சண்டை சப்பென்று இருந்தது. "தலகாணிய அடிக்கிற மாதிரி இருக்கு லா," என்றார் முதலாளி. நான் காரணங்களை வரிசைப்படுத்தினேன். தடி உடலில் பட்டும் நிற்காமல், தண்ணீரில் போவதுபோல் போகிறது. ஓங்குவதற்கும் விழுவதற்கும் நடுவே காத்திருப்பு இல்லை. ஓசை பிந்துகிறது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன், தடி படும் கணத்தில் திரையை இமைப்பொழுது உறையவைத்தேன். அப்போதும் போதவில்லை. அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"லிஸ்ட் போட்டா வலிக்குமா, தங்கச்சி? நீ அடிக்கிறவனையே பாத்துக்கிட்டு இருக்க. வாங்குறவன் அங்க இல்லவே இல்ல."

"அப்ப அவனக் கூட்டிட்டு வாங்கக்கா."

"ஒரு கோப்பி ஓ வாங்கிக் குடு, கூட்டிட்டு வரேன்."

கூட்டிக்கொண்டுதான் வந்தார். அந்தப் புதிய அசைவில், தடி உயரும்போதே எதிரி கன்னத்தை இடது தோளில் புதைப்பான். வலது உள்ளங்கை காதை மூடும். கண்கள் இறுகும். அதன் பிறகே அடி விழும். விழுந்த பின், எழுவதற்கு முன்னால், இன்னொன்று வருகிறதா என்று பக்கவாட்டில் ஒரு பார்வை. பொத்தானை அழுத்திய எனக்கே உடம்பு சுருங்கியது. அறையே ஆரவாரித்தது. முதலாளி எல்லோருக்கும் நாசி கண்டார் சோறு வாங்கித் தந்தார். அக்கா மட்டும் சாப்பிடாமல் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பின் ஒரு பிற்பகலில், கீழே தெருவில் ஒரு வெள்ளைக் கார் நீளமாக ஹார்ன் அடித்தது. அக்காவின் கணவர் வழக்கத்தைவிட முன்னதாக அவரை அழைத்துப்போக வந்திருந்தார். எதிரில் நின்றிருந்த நான் பார்த்தேன். அக்காவின் கன்னம் இடது தோளில் புதைந்தது. உள்ளங்கை காதுக்குப் போனது. கண்கள் இறுகித் திறந்தன. பிறகு அந்தப் பக்கவாட்டுப் பார்வை என்மேல் வந்து நின்றது. எத்தனையோ முறை துண்டு துண்டாக நிறுத்திப் பார்த்து நான் சரிசெய்த அசைவு. அதில் எந்த இடத்தில் அடி விழும் என்று எனக்கு மனப்பாடம்.

மறுபடி ஹார்ன்.

"கீழ போகாதீங்கக்கா."

"போகலன்னா இன்னும் மோசமாயிரும் லா. உனக்குத் தெரியாது."

"என் காடி பின்னால நிக்குது. எங்க போகணும், சொல்லுங்க."

முன்படிக்கட்டில் கனமான காலடிகள் ஏறத் தொடங்கின. அக்கா என் மணிக்கட்டைப் பற்றினார். "பாலத்துக்கு அந்தப் பக்கம், கெப்பாலா பத்தாஸ். எங்க பெரியக்கா வீடு."

பின்புறத்து இரும்புச் சுழற்படிகளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். என் காரில் கெலுகோர் தாண்டிக் கடல் பாலத்தில் ஏறும்வரை, கண்ணாடியில் தெரிந்த ஒவ்வொரு வெள்ளைக் காரும் அக்கா கணவருடையதாகவே இருந்தது. அக்காவின் மடியில் கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. பேசினால் அந்த மனிதருக்குக் கேட்டுவிடும் என்பதுபோல் இருந்தது.

இப்போது அக்கா பெரியக்கா வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். போலீசில் புகார் கொடுத்தாகிவிட்டது. அங்கிருந்து அவர் அனுப்பிய முதல் கோப்பு அதே எதிரிதான். தடி உயரும்போது அவன் இப்போது கன்னத்தைப் புதைப்பதில்லை. தலையை நிமிர்த்தி, ஓங்குகிறவனை நேராகப் பார்க்கிறான். "பழசத் தூக்கிட்டு இதப் போட்டுரு, தங்கச்சி," என்றார். போட்டேன். முதலாளி ஒரு முறை விளையாடிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். கண்ட்ரோலரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

விளையாட்டு வெளிவந்துவிட்டது. அந்த ஒரு எதிரியை அடித்தால் மட்டும் திருப்தியே இல்லை, சப்பென்று இருக்கிறது என்று விளையாடுகிறவர்கள் எழுதுகிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். எந்தக் கோப்பை மாற்றினால் சரியாகும் என்பதும் தெரியும். மாற்றப்போவதில்லை.

தெருவில் ஹார்ன் நீளமாக ஒலித்தால், இன்றும் என் தோள் தானாக உயர்கிறது. அப்போது இந்தக் கண்ட்ரோலரை எடுத்து, அவனை ஒரு முறை அடித்துப் பார்ப்பேன். கைக்குள் அது நடுங்குகிறது. திரையில் அவன் நடுங்குவதில்லை.