மூலை மனைக்கு வந்த வெள்ளைப் பூ

எங்கள் அப்பாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. காலி மனையைப் பார்த்தால் போதும், அவர் கண்ணுக்கு அங்கே வீடு தெரியும், மாடிப்படி தெரியும், வாசலில் போட்ட கோலம்கூடத் தெரியும். உசிலம்பட்டி ரோட்டில் பிளாட் காட்ட இலவசமாக வேன் விட்டபோது நாங்களும் ஏறிக்கொண்டோம். கருவேலம் வெட்டிய பொட்டலில் வரிசையாகக் கல் நட்டிருந்தார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் கொடுத்த பிரியாணி. அப்பாவுக்குப் பிடித்தது மூலை மனை.

அம்மாவின் நகையை விற்றால்தான் மனை. அந்த நேரம் பார்த்து, அமெரிக்காவில் வீட்டு விலை சரிகிறது, இங்கேயும் விழும் என்று டிவியில் ஓயாமல் சொன்னார்கள். பசுமலையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குச் சித்தப்பா தினமும் வந்து பயம் காட்டினார்.

"அம்புட்டு நகையையும் அந்தக் காட்டுல போட்டுட்டு, நாளைக்கு வெல விழுந்துச்சுன்னா மதினி மொகத்துல எப்படிண்ணே முழிப்ப?"

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாங்குவோம் என்பார், காப்பி குடித்துவிட்டு வேண்டாம் என்பார். பார்க்கவே பாவமாக இருந்தது. கடைசியில் அம்மாதான், "கொலசாமிகிட்டப் பூப்போட்டுக் கேட்ருவோம்" என்றாள்.

வெள்ளைப் பூ வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, நூல் சுற்றிச் சாமி முன்னால் போட வேண்டும். பொட்டலம் கட்டியது அம்மா. வீட்டில் சின்னப் பிள்ளை என்பதால் எடுக்கும் பொறுப்பு எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தப்பாவே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமியே சொல்லிருச்சு, இனி என்னண்ணே" என்றார்.

இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்காமல் மரத்தடியில் போட்டுவிட்டு வரச் சொன்னாள் அம்மா. நான் சும்மா இருப்பேனா, பிரித்தேன். அதிலும் வெள்ளைதான்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "வாய மூடிட்டு வா" என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் அப்போது இன்னும் வளையல் இருந்தது.

சித்தப்பா பயந்தபடியே ஆயிற்று. வருஷக்கணக்கில் அந்த மனையைப் பாதி விலைக்குக் கேட்கக்கூட ஆள் இல்லை. கருவேலம் மறுபடியும் முளைத்தது. ஆனால் சித்தப்பா உட்பட ஒருவரும் அப்பாவை ஒரு சொல் சொல்லவில்லை. சாமி சொல்லி வாங்கிய இடமாயிற்றே. கோயில் வாசலில் அவ்வளவு செவ்வரளி பூத்துக் கிடந்தும், அம்மாவுக்குப் பறிக்கச் சோம்பல் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.